வெட்டி எடுத்த தகடு

பாட்டியின் கராஜ் சுவரில், ஸ்பேனர்கள் தொங்கும் பலகைக்குப் பக்கத்தில், ஒரு தகடு ஆணியில் மாட்டியிருக்கிறது. சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும். ஓரங்கள் நேராக இல்லை. நடுவில் ஒரு மேடு. ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் ஐம்பது வருடத் தூசி உறைந்த சாம்பல் நிறம். அதன் மேல் வெள்ளை மார்க்கரில் ஒரு தேதி: 2021, மார்ச் 6. வருகிறவர்கள் ஏதோ பழைய இரும்பு என்று கடந்து போய்விடுவார்கள். பாட்டியின் பழைய காரிலிருந்து வெட்டியெடுத்தது இது. அந்தக் காரில் துருப்பிடித்த இடங்களை நாங்கள் வெட்டியதற்குக் கணக்கே இல்லை. அதெல்லாம் போக வேண்டியதுதான். நல்ல இரும்பில் பிளேடு வைத்தது இந்த ஒரு இடத்தில்தான்.

பாட்டி என்று நான் சொல்வது எங்கள் பக்கத்து வீட்டுக்காரரை. அமெரிக்கர். டெட்ராய்ட்டுக்கு வடக்கே ஒரு புறநகரில் நாங்கள் 2012-இல் குடிவந்தபோது என் மகளுக்கு மூன்று வயது. வேலிக்கு அந்தப் பக்கம் நரைத்த தலையைப் பார்த்ததும் பாட்டி என்று கூப்பிட்டாள். என்ன அர்த்தம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். மறுநாள் முதல் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்த்தார். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். முப்பது வருடம் கார்த் தொழிற்சாலையில் வெல்டிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்கும் சோறு போடுவது கார்தான். ஆனால் நான் இருப்பது கையில் கிரீஸ் படாத பக்கம். என்ஜினை ஆளும் கணினிக்குள் எண்களைத் திருத்துவது என் வேலை. எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல், தீப்பொறி எந்தக் கணத்தில் விழ வேண்டும் என்பது போன்ற கணக்குகள். இரும்பு அவருடைய பொறுப்பு, எண் என்னுடையது. இப்படித்தான் எங்களுக்குள் வேலை பிரிந்தது.

கார், 1969-ஆம் வருடத்து செவர்லே கமாரோ. பாட்டியின் அம்மா பள்ளி ஆசிரியை. அந்த வருடம் வசந்தத்தில் தன் சம்பளத்தில் புதிதாக வாங்கினார். முன் கண்ணாடி வழியே பார்த்தால் டேஷ்போர்டின் ஓரத்தில் தெரியும் எண்ணின் தொடக்கம் 124379N. இந்த எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் கதை வெளியே வந்துவிடும். 1 என்றால் செவர்லே. 24 என்றால் எட்டு சிலிண்டர் கமாரோ. 37 என்றால் கூரை உள்ள இரண்டு கதவு வண்டி. 9 என்றால் 1969. N என்றால் ஒஹாயோ மாநிலத்தின் நார்வுட் தொழிற்சாலை. அந்தத் தொழிற்சாலை 1987-இல் மூடப்பட்டுவிட்டது. பானட்டைத் தூக்கினால் என்ஜினுக்குப் பின்சுவரில் இன்னொரு சின்னத் தகடு உண்டு. அதில் நிறத்துக்கான எண் 57, ஃபேத்தம் கிரீன். ஆழமான குளத்தில் வெயில் விழும்போது தெரிகிற பச்சை.

அந்த அம்மா வாங்கியது இருந்ததிலேயே சாதுவான எட்டு சிலிண்டர் என்ஜின். 307 கன அங்குலம், 200 குதிரைத்திறன். அதனுடன் பவர்கிளைடு என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். முன்னால் போக மொத்தமே இரண்டு கியர்கள்தான். கிளட்ச் மிதிக்க அவருக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான் காரணம். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்.

நடுத்தர அளவு உடலுக்குள் பெரிய என்ஜினைத் திணித்த வேகமான அமெரிக்கக் கார்களை மசில் கார் என்பார்கள். இதை மசில் கார் என்று சொல்லலாமா? கறாராகப் பார்த்தால் சொல்ல முடியாது. அந்தப் பெயருக்கு உரிய வண்டிகளின் கதை எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவில் தொடங்கியது. 1963-இல், செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிரிவுகள் எதுவும் பந்தயப் பக்கம் போகக் கூடாது என்று தடை போட்டது. பந்தயத்தை வைத்தே பெயர் வாங்கியிருந்த பான்டியாக் பிரிவுக்கு அது பெரிய இடி. அங்கே தலைமைப் பொறியாளராக இருந்தவர் ஜான் டிலோரியன். நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்தைத் தாண்டிய என்ஜின் வைக்கக் கூடாது என்று நிறுவனத்துக்குள் ஒரு விதி இருந்தது. பெரிய கார்களில் இருந்த 389 கன அங்குல என்ஜினைத் தூக்கி, டெம்பஸ்ட் என்ற நடுத்தரக் காரில் அவருடைய குழு வைத்துப் பார்த்தது. தனி மாடல் என்று அறிவித்தால்தானே விதி குறுக்கே வரும்? டெம்பஸ்டோடு சேர்த்து வாங்கும் கூடுதல் வசதி என்று, ஏறக்குறைய 295 டாலருக்கு, பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். 1964 ஜி.டி.ஓ. பிறந்தது இப்படித்தான். முதல் வருடத்திலேயே 32,450 விற்றது. அப்புறம் யாரும் விதியைப் பற்றிப் பேசவில்லை.

அதே வருடம் ஏப்ரலில் ஃபோர்டு மஸ்டாங்கை இறக்கியது. அதற்குப் போட்டியாக 1966 செப்டம்பரில் செவர்லே கொண்டுவந்ததுதான் கமாரோ. கமாரோ என்றால் என்ன என்று பத்திரிகைக்காரர்கள் கேட்க, மஸ்டாங்குகளைத் தின்னும் ஒரு சின்ன மூர்க்க விலங்கு என்று பதில் வந்ததாம். அந்தப் பதிலில் இருக்கிற சண்டைக் குணம் அந்தக் காலத்து டெட்ராய்ட்டின் குணம்.

இந்தச் சண்டை நடந்த தெரு வுட்வர்ட் அவென்யூ. டெட்ராய்ட் ஆற்றங்கரையில் தொடங்கி பான்டியாக் நகரம் வரை ஓடுகிற சாலை. 1909-இல் சிக்ஸ் மைல், செவன் மைல் சாலைகளுக்கு நடுவே இதில் ஒரு மைல் தூரத்துக்கு கான்கிரீட் போட்டார்கள். நாட்டில் கான்கிரீட் போட்ட முதல் ஒரு மைல் சாலை அது என்று இந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அறுபதுகளில் கார் நிறுவனப் பொறியாளர்களே புது என்ஜின்களைப் பொருத்திக்கொண்டு இரவில் இங்கே வந்து, டிரைவ்-இன் உணவகங்களில் நிற்கும் பையன்களோடு சிக்னலுக்குச் சிக்னல் போட்டி போட்டார்கள். பாட்டிக்கு அப்போது பதினைந்து வயது. அம்மாவின் பச்சை கமாரோவில் முன் இருக்கையில் உட்கார்ந்து, பக்கத்தில் உறுமிக்கொண்டு நிற்கும் வண்டிகளை ஏக்கத்தோடு பார்த்தவர். பச்சை விளக்கு விழுந்ததும் மற்றவர்கள் பறப்பார்கள். அவர் அம்மா நிதானமாகக் கிளம்புவார். இதைச் சொல்லும்போது இப்போதும் அவர் முகம் அந்தப் பதினைந்து வயதுக்குப் போய்விடும்.

1969-இல் செய்த கமாரோக்கள் மொத்தம் 243,085. அதில் பந்தயத்துக்காக 302 கன அங்குல என்ஜினோடு வந்த இசட்/28 வகை 20,302. முழுக்க அலுமினிய என்ஜினோடு வந்த இசட்.எல்.1 வெறும் 69. ஏலங்களில் லட்சக்கணக்கில் விலை போவதும், புத்தக அட்டைகளில் வருவதும் இந்தச் சிறுபான்மைதான். மீதியெல்லாம் ஆசிரியைகளும் குமாஸ்தாக்களும் வேலைக்கு ஓட்டிப்போன சாதாரண வண்டிகள். இன்று வுட்வர்ட்டில் உறுமிக்கொண்டு போகிற பழைய கார்களில் பல அப்படிச் சாதுவாகப் பிறந்து, பிற்பாடு யாரோ ஒருவர் கையில் வலுவேறியவை. அதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. அவற்றைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கும்.

மசில் கார்களின் காலம் சீக்கிரமே முடிந்தது. காப்பீட்டு நிறுவனங்கள் இளைஞர்களின் பிரீமியத்தை ஏற்றின. 1970-இல் காற்றுத் தூய்மைச் சட்டம் வந்தது. 1971-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் எல்லா என்ஜின்களிலும் அழுத்த விகிதத்தைக் குறைத்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை. அதோடு சரி.

பாட்டியின் அம்மா மட்டும் அதே காரை 1988 வரை ஓட்டினார், மழையிலும் பனியிலும். இங்கேதான் உப்பு வருகிறது.

மிச்சிகனில் பனி விழுந்தால் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். லாரி லாரியாகக் கொட்டுவார்கள். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில், ஆயிரம் அடிக்கும் கீழே, ஒரு பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. நூறு வருடத்துக்கு முன்பே தோண்டத் தொடங்கினார்கள், சாலைக்குப் போடும் உப்பு அங்கிருந்தும் வருகிறது. முதன்முதலில் இதைக் கேட்டபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மேலே காரைச் செய்கிற ஊர், அந்தக் காரைத் தின்கிற உப்பின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

2015-இல் அம்மாவின் பழைய வீட்டிலிருந்து காரை இழுத்துக்கொண்டு வந்த அன்று பாட்டி முதலில் செய்த காரியம், ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, வண்டி முழுக்க மெதுவாக ஓட்டிப் பார்த்ததுதான். நல்ல தகடு இருக்கும் இடத்தில் காந்தம் கையை இழுக்கும். பட்டி பூசி மறைத்த இடத்தில் வழுக்கிக்கொண்டு போகும். பின் மட்கார்டுகளின் கீழ்ப்பகுதியில் ஒரு முழ நீளத்துக்குக் காந்தம் ஒட்டவே இல்லை. எப்போதோ ஒரு பட்டறையில் துருவை அறுத்தெடுக்காமல் மேலேயே பட்டி வைத்துப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. சாக்பீஸால் அந்த இடங்களை வட்டம் போட்டுக்கொண்டே போனார். முடித்தபோது கார் அம்மை போட்ட குழந்தை மாதிரி நின்றது.

முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர்கள் இருக்கும் இடத்தில், காற்று உள்ளே போவதற்கு ஒரு வலைமூடி இருக்கும். அந்த மூடிக்கு அடியில் ஒரு மறைவான தொட்டி. மழைநீர் அதில் இறங்கி, பக்கவாட்டில் வடிந்து வெளியே போக வேண்டும். பாட்டி மூடியைக் கழற்றினார். உள்ளே மேப்பிள் இலைகள். மேலே இருந்தவை இலைகளாகவே இருந்தன. கீழே போகப் போகக் காப்பிப் பொடி போன்ற கறுப்பு மண். வடிகால் அடைத்துப்போய், பல வருடத் தண்ணீர் அங்கேயே நின்று, தகட்டை அரித்து, முன் இருக்கையில் கால் வைக்கும் இடம்வரை ஓட்டை போட்டிருந்தது. அந்த மண்ணைக் கரண்டியால் அள்ளி அள்ளி ஒரு வாளி நிறைய எடுத்தோம். நடுவில் ஒரு சின்ன ஹேர்பின் கிடைத்தது. அதைத் துடைத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த நான்கு வருடம் டிங்கரிங்தான். கமாரோவுக்கு ஒரு வசதி உண்டு. எந்தத் தகடு வேண்டுமானாலும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். 1969 கமாரோவின் முழு உடலையுமே புதிதாக அடித்துக் கொடுக்கிற நிறுவனம்கூட இருக்கிறது. பணம் இருந்தால் 1969-ஐப் பார்த்தே இராத ஒரு 1969 கமாரோவைக் கட்டிவிடலாம். பாட்டிக்கு அதில் மனம் ஒப்பவில்லை. நல்ல இரும்பு எங்கே தொடங்குகிறதோ அதுவரை மட்டும் வெட்டுவேன், அதற்கு மேல் ஒரு அங்குலமும் வேண்டாம் என்றார். கடையில் வாங்கிய மட்கார்டுத் தகடு சரியாக உட்காரவில்லை. ஒரு ஓரம் கால் அங்குலம் துருத்திக்கொண்டு நின்றது. அதை அறுத்து, மடக்கி, தட்டி, ஒரு குளிர்காலம் முழுக்க அதிலேயே போயிற்று.

அவர் வெல்டிங் செய்வதை நான் மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். மெல்லிய தகட்டில் ஒரே ஓட்டமாக வெல்டிங் இழுக்கக் கூடாது. சூட்டில் தகடு அப்பளம் மாதிரி வளைந்துவிடும். அதனால் இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி அங்கே ஒரு பொட்டு. கையால் தொட்டுப் பார்ப்பார், ஆறிவிட்டதா என்று. ஆறினால்தான் நடுவில் அடுத்த பொட்டு. ஒரு மட்கார்டின் விளிம்பு முழுக்க இப்படிப் பொட்டுப் பொட்டாகச் சேர்ந்து கோடாக இரண்டு நாள் ஆகும். தொழிற்சாலையில் இதே வேலைக்கு எத்தனை நேரம் என்று ஒரு தடவை கேட்டேன். அங்கே விநாடிக் கணக்கு, இங்கே யார் கேட்கப் போகிறார்கள் என்றார். அப்படிச் சொல்லிவிட்டுத் தொப்பியை இழுத்து முகமூடியை இறக்கியபோது அவரிடம் இருந்த நிம்மதியை நான் என் அலுவலகத்தில் யாரிடமும் பார்த்ததில்லை.

பெயின்டை உரிக்க மணல் வீசலாமா என்ற பேச்சு வந்தபோது வேண்டாம் என்று முதலில் சொன்னது நான்தான். குடமுழுக்குக்காக மணல் வீசிக் கல்வெட்டுகளையும் சிற்ப நுணுக்கங்களையும் தேய்த்த கோயில்களை நான் ஊரில் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. இங்கே ஆபத்து வேறு விதம். அகலமான தகட்டில் மணல் வேகமாக அடித்தால் அது நெளிந்துவிடும், திரும்ப நேராக்குவது பெரும்பாடு. வெளித்தகடுகளை ரசாயனம் பூசியும் உப்புத்தாளால் தேய்த்தும் உரித்தோம். கதவின் ரப்பர் பட்டைக்கு அடியில், வெயிலே படாத இடத்தில், பழைய பச்சை அப்படியே இருந்தது. புதிய பெயின்டின் நிறத்தை அந்த விரல் அகலக் கீற்றை வைத்துத்தான் கலந்தார்கள்.

உடல் தயாரான பிறகு என்ஜின் பேச்சு வந்தது. பழைய 307 ஓடியது. கார்புரேட்டரைக் கழுவி, பிரேக்கைச் சரிசெய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐ-75 நெடுஞ்சாலையில் ஏற்றினோம். எழுபது மைல் வேகத்தில் இரண்டாவது கியரில், அதாவது கடைசி கியரில், என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றை ஒட்டிக் கதறியது. முன்னால் ஒருவன் சட்டென்று பிரேக் போட, பாட்டி மிதித்தார். வண்டி நின்றது, ஆனால் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் நின்றது. இரண்டாவது தடவை மிதித்தபோது பாதிப் பிடிதான் இருந்தது. டிரம் சூடானால் அப்படித்தான். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் பேசவில்லை.

அவருக்கு இந்தக் காரை எடுத்துக்கொண்டு காப்பர் ஹார்பர் வரை போக வேண்டும். மிச்சிகனின் வடக்கு முனை, சுப்பீரியர் ஏரிக்கரை. இங்கிருந்து 600 மைலுக்குப் பக்கம். அம்மாவோடு போவதாக இருந்து போகாமலேயே விட்ட பயணம். இருந்த நிலையில் அதைக் கனவு காணலாம், அவ்வளவுதான்.

பழைய கார் ரசிகர்கள் ஞாயிறு காலையில் கூடும் ஒரு மைதானத்தில், என்ஜினை மாற்றப் போகிறேன் என்று பாட்டி சொன்னதும் ஒருவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். அவரிடம் இருப்பது எல்லா எண்ணும் பொருந்துகிற இசட்/28. என்ஜினில் பொறித்த எண்ணும் காரின் எண்ணும் ஒன்றாக இருந்தால் அந்த வண்டிக்கு மரியாதையே தனி. ஒரு கார் ஒரு தடவைதான் ஒரிஜினலாக இருக்கும், அம்மாவின் காரைக் கெடுத்துவிடாதீர்கள் என்றார். பாட்டி மெதுவாகச் சொன்னார்: “அம்மா இதை ஓட்டத்தான் வாங்கினாள்.”

அந்த மனிதரை நான் மதிக்கிறேன். அறுபத்தொன்பது இசட்.எல்.1-களில் ஒன்றை எவனாவது அறுத்தால் எனக்கும் வயிறு எரியும். அப்படிப்பட்ட காரில் ஒவ்வொரு போல்ட்டும் ஆவணம். பழையது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு சாதாரண 307-ஐயும் அசையாமல் நிறுத்த வேண்டும் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பாட்டியும் கண்ணை மூடிக்கொண்டு இறங்கவில்லை. எதைக் கழற்றினாலும் அதைத் திரும்பப் பூட்ட வழி இருக்க வேண்டும். எதைப் புதிதாகப் பூட்டினாலும் பழைய துளைகளிலேயே பூட்ட வேண்டும். கழற்றியது ஒன்றையும் விற்கக் கூடாது. இந்த நிபந்தனைகளோடுதான் வேலை நடந்தது.

புது என்ஜின் எல்.எஸ்.3. செவர்லேயின் ஸ்போர்ட்ஸ் காரான 2008 கார்வெட்டில் வந்தது. 376 கன அங்குலம், 430 குதிரைத்திறன், அலுமினிய பிளாக். பழைய 200-ஐயும் இந்த 430-ஐயும் அப்படியே வைத்து ஒப்பிடக் கூடாது. 1972-க்கு முன் அமெரிக்காவில் என்ஜினை மட்டும் தனியாக மேடையில் வைத்து, காற்று வடிகட்டி, சைலன்சர், ஆல்டர்னேட்டர் எதுவும் இல்லாமல் அளந்த கணக்கைத்தான் விளம்பரத்தில் போடுவார்கள். அதெல்லாம் சேர்ந்தால் பழைய என்ஜினின் உண்மையான திறன் இன்னும் கீழே இருக்கும். புதியது கார்புரேட்டர் இல்லாத என்ஜின். பழைய பம்ப் தரும் மெல்லிய அழுத்தம் அதற்குப் போதாது, சதுர அங்குலத்துக்கு 58 பவுண்டு வேண்டும். அதனால் பம்ப் உள்ளேயே இருக்கிற புது டேங்க். பழைய டேங்க் துடைத்து எண்ணெய் பூசிப் பரணில் ஏறியது. என்ஜின் பழைய அடித்தளத்திலேயே இடைத்தகடுகளை வைத்து உட்கார்ந்தது. முன்னால் டிஸ்க் பிரேக், அதுவும் பழைய அச்சிலேயே. பின்னால் லீஃப் ஸ்பிரிங்கைத் தூக்கிவிட்டு நவீன அமைப்பு வைக்கலாம் என்று பலர் சொன்னார்கள். தரையை அறுக்க வேண்டியிருந்ததால் பாட்டி மறுத்துவிட்டார். ஒற்றைப் பட்டைக்குப் பதிலாகப் பல பட்டைகள் கொண்ட ஸ்பிரிங் மட்டும் போட்டார்.

கியர்பாக்ஸில்தான் சிக்கியது. ஆறு கியர் மேனுவல் பாக்ஸ் பழையதைவிடப் பருமன். இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவே தரை மேடாகப் போகும் அந்தச் சுரங்கத்துக்குள் அது நுழையவில்லை. மூன்று தடவை ஜாக்கியில் ஏற்றி இறக்கினோம். தரையை வெட்டியே ஆக வேண்டும். பாட்டி ஒரு வாரம் கராஜ் பக்கமே வரவில்லை. மார்ச் 6, சனிக்கிழமை இரவு என்னைக் கூப்பிட்டார். காருக்குள் மண்டியிட்டு, அட்டையில் வெட்டிய வடிவத்தைத் தகட்டின் மேல் வைத்து, சுற்றிலும் கோடு கிழித்தார். கோட்டை அழித்தார். அரை அங்குலம் உள்ளே தள்ளி மறுபடி கிழித்தார். என் மகளும் வந்து கதவருகே நின்றாள். கிரைண்டரைக் கையில் எடுத்த பிறகும் சற்று நேரம் அப்படியே இருந்தார். அப்புறம் சத்தம், தீப்பொறி. பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. விழுந்த தகட்டை அவர் கையுறையோடு ஏந்தி எடுத்து மேசையில் வைத்தார். குப்பைக்குப் போகாதா என்று மகள் கேட்டாள். போகாது, இது அம்மாவுடையது என்றார்.

மே மாதம் முதல் தடவை ஸ்டார்ட் செய்ய உட்கார்ந்தோம். செல்ஃப் அடித்தால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். என்ஜின் அசையவே இல்லை. கோளாறு என் பக்கம் என்று நம்பிவிட்டேன். மூன்று மாலைகள் மடிக்கணினியோடு உட்கார்ந்து ஒவ்வொரு சென்சாராகப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. தூக்கம் போயிற்று. இத்தனை வருட உழைப்பு என்னால் நின்றுவிட்டதே என்ற வேதனை. நான்காம் நாள் பாட்டி, என்ஜினிலிருந்து உடலுக்குப் போகும் தடித்த எர்த் ஒயரைக் கழற்றி அடியில் பார்த்தார். பளபளவென்று புதுப் பெயின்ட். நாங்களே பார்த்துப் பார்த்துப் பூசிய மூன்று பூச்சு. அதைத் தாண்டி மின்சாரம் போகாது. அந்த ஒயரை மாட்டியது நான். ஒரு துண்டு உப்புத்தாளை எடுத்து, காசு அளவுக்கு இரும்பு தெரியும்வரை தேய்த்துத் திரும்பப் பூட்டினார். சாவியைத் திருப்பியதும் எட்டு சிலிண்டரும் ஒன்றாக எழுந்தன. கராஜ் கதவே அதிர்ந்தது. பாட்டி காதைப் பொத்திக்கொள்ளவில்லை. பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

2022 ஆகஸ்டில் வுட்வர்ட் கார்த் திருவிழாவுக்குப் போனோம். 1995-இல் தொடங்கியது, வழக்கமாக ஆகஸ்டில் மூன்றாவது சனிக்கிழமை நடக்கும். பல்லாயிரம் பழைய கார்கள் ஊர்ந்து ஊர்ந்து போகும். வெயிலில் ஓரமாகப் பானட்டைத் திறந்துவைத்து ஆவி விட்டுக்கொண்டு நிற்கிற வண்டிகளுக்கு நடுவே எங்கள் வண்டியின் சூட்டு முள் அசையவில்லை. டிரைவர் இருக்கையில் பாட்டி. ஒரு சிக்னலில் பக்கத்தில் ஒரு ஜி.டி.ஓ. வந்து உறுமியது. பாட்டி திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். பச்சை விழுந்ததும் அவர் அம்மா மாதிரியே நிதானமாகக் கிளம்பினார்.

அடுத்த மாதம் காப்பர் ஹார்பர். நான், மகள், பாட்டி. எழுபது மைலில் ஆறாவது கியர், 1,700 சுற்றை ஒட்டி. இரைச்சல் போடாமல் உள்ளே பேசிக்கொண்டே போக முடிந்தது. வடக்கு மிச்சிகனுக்குப் போக மேக்கினா பாலத்தைத் தாண்ட வேண்டும். ஐந்து மைல் நீளம். அதன் உட்பக்கத் தடத்தில் கான்கிரீட் கிடையாது, இரும்புக் கம்பி வலைதான். குனிந்தால் கீழே தண்ணீர் தெரியும். அதன் மேல் டயர் ஏறியதும் தம்புரா மீட்டியது மாதிரி ஒரு ரீங்காரம் கிளம்பியது. வேகம் கூடினால் சுருதி ஏறியது, குறைந்தால் இறங்கியது. மகள் ஜன்னலைத் திறந்தாள். பாட்டி வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் அந்தச் சத்தத்தோடு கொஞ்ச நேரம் விளையாடினார்.

போன நவம்பர் கடைசியில் காரைத் தூங்க வைத்தோம். டேங்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் இருக்க மருந்து ஊற்றி, பேட்டரியில் சார்ஜரை மாட்டி, போர்வை போட்டு மூடினோம். பிறகு பாட்டி கராஜ் மூலையிலிருந்த இன்னொரு போர்வையை விலக்கினார். அம்மாவின் பழைய கட்டில் விரிப்பு. அதற்குக் கீழே, இரும்புத் தாங்கியில், 307. மாதம் ஒரு தடவை அதன் சிலிண்டர்களில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, நீளக் கம்பியால் கிராங்கைச் சுற்றிவைப்பார். இறுகிவிடக் கூடாது. இந்தத் தடவை கம்பியை என் கையில் கொடுத்தார். முழு இரண்டு சுற்று வேண்டும், அப்போதுதான் எல்லா வால்வும் ஒரு தடவை திறந்து மூடும். மெதுவாகச் சுற்றினேன். முதலில் கனமாக இருந்தது, பிறகு எண்ணெய் பரவி வழவழவென்று வந்தது. வெளியே தெருவில் அந்தக் குளிர்காலத்தின் முதல் உப்பு லாரி மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு வந்தது. உப்புக்கல் சரசரவென்று சாலையில் விழுகிற சத்தம் கேட்டது. பாட்டி போய்க் கதவை இறக்கிவிட்டு வந்து, “இன்னும் அரைச் சுற்று” என்றார்.